எஸ்ஓ-101 ரோபோ கையும் ஸ்மால்விஎல்ஏ மாதிரியும்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மேசை விளிம்பில் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிய, முழங்கை நீளமே உள்ள ஒரு பிளாஸ்டிக் கை, மேசைமேல் சிதறிக் கிடக்கும் நூல்கண்டுகளில் சிவப்பானதை மட்டும் எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். மூன்று மாதங்களாக நான் அதற்குக் கற்றுக்கொடுத்துவரும் வேலை இது ஒன்றுதான். என் மனைவியின் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே இந்த மேசை இருப்பதால் நூல்கண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவர் ஐந்து நொடியில் முடித்துவிடும் வேலைக்கு இத்தனை செலவு எதற்கு என்ற கேள்விக்கும் பஞ்சமில்லை.

மதிப்பிட எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் தளத்தை நடத்தும் ஹக்கிங் ஃபேஸ் நிறுவனமும் தி ரோபாட் ஸ்டுடியோவும் சேர்ந்து வடிவமைத்து 2025 ஏப்ரலில் வெளியிட்ட எஸ்ஓ-101 என்ற ரோபோ கை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த எஸ்ஓ-100இன் திருத்திய வடிவம் இது. மற்றொன்று, கேமரா காட்சியையும் ஒரு வரிக் கட்டளையையும் வாங்கிக்கொண்டு அந்தக் கையின் அசைவுகளை உருவாக்கித் தரும் ஸ்மால்விஎல்ஏ என்ற ஜெனரேட்டிவ் மாதிரி, அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்று, அவற்றைப்போல் புதியவற்றை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு; ஹக்கிங் ஃபேஸ் அதை 2025 ஜூனில் வெளியிட்டது. இரண்டையும் இணைத்துவைப்பது லெரோபாட் என்ற திறந்த மூல மென்பொருள். வரைபடக் கோப்புகள், மென்பொருள், மாதிரி ஆகிய மூன்றுக்கும் காசு கிடையாது. செலவெல்லாம் மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை, பிளாஸ்டிக், கேமரா, பயிற்சிக்கான ஜிபியு (வேகமாகக் கணக்கிடும் கணினிச் சில்லு) வாடகை ஆகியவற்றுக்குத்தான். வெளியான சமயத்தில் ஒற்றைக் கையின் விலை 100 டாலரிலிருந்து தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். இரண்டு கைகளுக்கான பாகங்கள் அமெரிக்க விலைக் கணக்கில் அப்போது சுமார் 230 டாலர். நம் ஊருக்கு வரும்போது சுங்க வரியும் கூரியர் கட்டணமும் அதன்மேல் ஏறும். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அலோஹா என்ற இரட்டைக் கை அமைப்பை 20,000 டாலருக்குள் கட்டிக் காட்டியபோது அதையே மலிவு என்று வியந்தார்கள் என்பதை நினைத்தால், இந்த விலை எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

இரண்டு கைகள் எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஒன்றை மட்டும் வாங்கினால் பாடம் நடத்த வழியில்லாமல் நிற்க வேண்டிவரும். ஒரு கையை நாம் பிடித்து அசைக்கிறோம். மற்றக் கை அதைப் பார்த்து அப்படியே அசைகிறது. முதலாவதை வழிகாட்டிக் கை என்றும் இரண்டாவதை வேலைக்கை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். ஒவ்வொன்றிலும் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார்கள், எஸ்டிஎஸ்3215 என்ற வகை, ஆறு. வேலைக்கையில் உள்ள ஆறுக்கும் கியர் விகிதம் 345க்கு 1; உள்ளே மோட்டார் 345 சுற்று சுற்றினால் வெளி அச்சு ஒரு சுற்று சுற்றும். விகிதம் குறைந்தால் கையால் திருப்புவது எளிது. வழிகாட்டிக் கையில் மட்டும் மூன்றுக்கு 147, இரண்டுக்கு 191, ஒன்றுக்கு 345 என்று விகிதம் மாறுகிறது. நம் விரல் தள்ளினால் இலகுவாகத் திரும்ப வேண்டும், விரலை எடுத்துவிட்டால் தன் எடையாலேயே சரிந்து விழவும் கூடாது என்ற இரண்டு தேவைகளுக்கும் நடுவே கண்டுபிடித்த கணக்கு அது. எஸ்ஓ-100இல் இதற்காக மோட்டாரைப் பிரித்து உள்ளேயிருந்து கியரையே கழற்ற வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையை ஒழித்தது ஒன்றுக்காகவே புதிய வடிவத்தைப் பாராட்டலாம்.

பூட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்று நினைத்தேன். மூன்று ஞாயிறுகள் ஆயின. அதில் பெரும்பகுதி வடிவமைப்பின் குற்றமன்று. மோட்டார்கள் எல்லாம் ஆலையிலிருந்து 1 என்ற ஒரே அடையாள எண்ணோடு வருவதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே பலகையில் மாட்டி, 1 முதல் 6 வரை எண் கொடுத்த பிறகே ஒன்றோடொன்று கோர்க்க முடியும். லெரோபாட்டின் வழிகாட்டி நூலில் இது தெளிவாகவே இருக்கிறது. இணையக் கடை ஒன்றிலிருந்து நான் வாங்கிய தொகுப்பில் 147 விகிதம் என்று எழுதிய உறைக்குள் 345 விகித மோட்டார் ஒன்று கலந்திருந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. மணிக்கட்டுப் பகுதி மட்டும் ஏன் துருப்பிடித்த தாழ்ப்பாளைப்போல் இறுகுகிறது என்று இரண்டு மாலைகள் ஸ்க்ரூக்களைத் தளர்த்தியும் இறுக்கியும் பார்த்த பிறகே அது தெரிந்தது. ஆகவே வாங்குகிறவர்கள், உறையைப் பிரித்தவுடன் ஒவ்வொரு மோட்டாரின் அச்சையும் விரலால் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். 147 விகிதமும் 345 விகிதமும் விரலுக்கு உடனே தெரியும்.

இன்னொரு விபத்து முழுக்க முழுக்க என் தவறு. அதிக இழுவிசை வேண்டும் என்பதற்காக வேலைக்கைக்கு 12 வோல்ட் வகை மோட்டார்களையும், வழிகாட்டிக் கைக்கு 7.4 வோல்ட் வகையையும் வாங்கியிருந்தேன். பின்னதற்கு 5 வோல்ட் அடாப்டர் போதும். இரண்டு பலகைகளும் ஒரே வகை, இரண்டு அடாப்டர்களின் முனையும் ஒரே வட்ட வடிவம். மின்வெட்டு முடிந்து வெளிச்சம் வந்த ஓர் இரவில் அவசரமாக மாற்றிச் செருகிவிட்டேன். சின்னதாக ஒரு சொடுக்கு ஒலி, பிறகு அறை முழுக்கக் கருகிய வாசனை. இரண்டு மோட்டார்கள் போயின. இப்போது 12 வோல்ட் கம்பியின் முனையிலும் அதற்குரிய பலகையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்து ஒருவர் டேப் வாங்கினாலும் எனக்கு மகிழ்ச்சி.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இந்தக் கைக்கு யாரும் நிரல் எழுதிக் கற்றுக்கொடுப்பதில்லை. வழிகாட்டிக் கையைப் பிடித்து நூல்கண்டை எடுத்து டப்பாவில் போடும் செயலை நாம் திரும்பத் திரும்பச் செய்துகாட்டுகிறோம். மேலிருந்து ஒரு கேமராவும் மணிக்கட்டிலிருந்து ஒரு கேமராவும் நொடிக்கு 30 படம் வீதம் எடுக்க, அதே கணத்தில் ஆறு மூட்டுகளின் கோணங்களும் பதிவாகின்றன. ஒரு முறை எடுத்துப் போட்டால் அது ஒரு பதிவு. இப்படி 50 பதிவுகளாவது வேண்டும் என்கிறது வழிகாட்டி நூல். தங்கள் சோதனையில் 25 போதவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஐந்து இடங்களில் பொருளை வைத்து, ஓர் இடத்துக்குப் பத்து என்பது அவர்கள் தந்திருக்கும் கணக்கு.

முதல் நாள் பதிவுகளில் நூல்கண்டு பாதி வழியில் நழுவிக்கொண்டே இருந்தது. இந்தக் கையில் தொடுவுணர்வு இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்லும் உணரி எதுவும் கிடையாது. அப்படியானால் பிடியின் இறுக்கத்தை இது எங்கிருந்து கற்றுக்கொள்ளும்? அலோஹாவை உருவாக்கியவர்கள் 2023இலேயே தங்கள் கட்டுரையில் இதற்கு விடை சொல்லியிருந்தார்கள். செயல் என்று பதிவாவது வேலைக்கையின் கோணமன்று, வழிகாட்டிக் கையின் கோணம். நான் என் பக்கத்துப் பிடியை முழுதாக மூடும்போது, மறுபக்கத்தில் நடுவே நூல்கண்டு இருப்பதால் வேலைக்கையின் பிடி முழுதாக மூட முடியாமல் நிற்கிறது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் உள்ள அந்தச் சிறு இடைவெளியை அடைக்க மோட்டார் விடாமல் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் இறுக்கம். நானோ, நூல்கண்டைத் தொட்டவுடன் நாகரிகமாக என் விரலை நிறுத்திக்கொண்டிருந்தேன். இடைவெளியே இல்லாததால் பிடியும் இல்லாமற்போயிற்று. மறுநாள் காலை, கண்டு நசுங்கினாலும் பரவாயில்லை என்று கொஞ்சம் கூடுதலாக அழுத்திப் பதிவு செய்தேன்; நழுவல் அன்றே நின்றது. மாதிரியை மாற்றவில்லை, மோட்டாரை மாற்றவில்லை. மாறியது என் ஆள்காட்டி விரலின் பழக்கம் மட்டுமே.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்போம். வெறும் இரைச்சலில் தொடங்கி, அதைப் படிப்படியாகத் துடைத்து ஓர் உருவத்தை வெளிக்கொணரும் முறை அது. அதே உத்தி ஒரு ரோபோ கைக்கு எதற்கு என்பது எனக்குத் தொடக்கத்தில் விளங்கவில்லை. விளங்கவைத்தது என் காபி டம்ளர். நூல்கண்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே டம்ளரை மறந்து வைத்துவிட்டுப் பதிவு செய்த ஒரு மாலையில், சில தடவை டம்ளருக்கு இடப்புறமாகவும் சில தடவை வலப்புறமாகவும் கையைச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கவே இல்லை. சராசரியைத் தேடும் எளிய கற்றல் முறையிடம் இந்தப் பதிவுகளைக் கொடுத்தால், இடத்துக்கும் வலத்துக்கும் நட்டநடுவான பாதையைக் கற்றுக்கொண்டு நேராக டம்ளரில் போய் மோதும். ஜெனரேட்டிவ் மாதிரி அப்படி நடுவில் வந்து நிற்பதில்லை. நான் காட்டிய வழிகளுள் ஏதோ ஒன்றைத் தேர்ந்து, அதை முழுதாக வரைந்து முடிக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகம், எம்ஐடி, டொயோட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் 2023இல் வெளியிட்ட டிஃப்யூஷன் பாலிசி இந்தச் சிக்கலை இரைச்சல் துடைக்கும் வழியில் தீர்த்தது. அதே ஆண்டு அலோஹாவோடு வந்த ஆக்ட் என்ற மாதிரி வேறொரு ஜெனரேட்டிவ் வடிவத்தைக் கைக்கொண்டது. ஸ்மால்விஎல்ஏ கையாள்வது ஃப்ளோ மேட்சிங் என்ற, இரைச்சல் துடைப்பதற்கு நெருங்கிய முறை. இரைச்சலில் தொடங்கி, இயல்பமைப்பில் பத்துப் படிகளில், அடுத்தடுத்த 50 அசைவுகளை ஒரே கட்டாக உருவாக்கித் தருகிறது. என் மேசையில் அது டம்ளரைச் சில நேரம் இடப்பக்கமாகவும் சில நேரம் வலப்பக்கமாகவும் சுற்றிப் போவதை முதன்முதலாகப் பார்த்தபோது, என் நடையை யாரோ பின்னாலிருந்து நடித்துக்காட்டியதுபோல் இருந்தது.

விஎல்ஏ என்ற பெயர், பார்வை, மொழி, செயல் ஆகிய மூன்றையும் ஒரே மாதிரிக்குள் கொண்டுவரும் வகையைக் குறிக்கிறது. இணையத்துப் படங்களையும் எழுத்தையும் படித்துத் தேர்ந்த ஒரு பெரிய மாதிரிக்கே ரோபோவின் அசைவுகளையும் ஒரு மொழிபோல் கற்றுத்தரலாம் என்று கூகுள் டீப்மைண்ட் 2023 ஜூலையில் ஆர்டி-2 வழியாகக் காட்டியது. அதன் பெரிய வடிவத்தில் 5,500 கோடி அளவுருக்கள், அதாவது பயிற்சியின்போது மாதிரிக்குள் சரிசெய்யப்படும் எண்கள், இருந்தன. வீட்டுக் கணினிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2024இல் வந்த ஓப்பன்விஎல்ஏ 700 கோடிக்கும், ஃபிசிக்கல் இன்டெலிஜென்ஸ் நிறுவனத்தின் பை-ஜீரோ 330 கோடிக்கும் இறங்கின. ஸ்மால்விஎல்ஏ 45 கோடியில் நிற்கிறது. அடிப்படையாக எடுத்துக்கொண்ட பார்வை-மொழி மாதிரியின் மேலடுக்குகளில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, கீழடுக்குகளை மட்டும் பயன்படுத்துவதும், ஒரு படத்துக்கு 64 துண்டுகள் போதும் என்று சுருக்கிக்கொள்வதும் இந்த எடைக்குறைப்புக்குக் காரணங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எடைக்குறைப்பன்று, பயிற்சிக்கான தரவு வந்த விதம். பெருநிறுவன ஆய்வுக்கூடங்களில் எடுத்தவையல்ல அவை. உலகெங்கும் தங்கள் சாப்பாட்டு மேசையிலும் கல்லூரி ஆய்வகத்திலும் எஸ்ஓ-100 கையை வைத்துக்கொண்டு பொழுதுபோக்காளர்கள் பதிவேற்றிய 30,000க்கும் குறைவான பதிவுகள். அவற்றில் என்ன வேலை நடக்கிறது என்ற குறிப்பு பலவற்றில் அரைகுறையாக இருந்ததால், வேறொரு பார்வை-மொழி மாதிரியைக் கொண்டு அந்தக் குறிப்புகளை மறுபடி எழுதவைத்திருக்கிறார்கள். அந்த முன்பயிற்சி இல்லாமல் 51.7 சதவீதமாக இருந்த வெற்றி விகிதம், முன்பயிற்சிக்குப் பின் 78.3 சதவீதமாக உயர்ந்தது என்று அவர்களுடைய கட்டுரை சொல்கிறது. அதே எஸ்ஓ-100 சோதனைகளில் பை-ஜீரோ 61.7, ஆக்ட் 48.3 சதவீதம். தயாரித்தவர்களே தங்கள் மேசையில், மூன்று வகை வேலைகளில் அளந்த எண்கள் இவை என்பதை மறக்க வேண்டியதில்லை. எனினும் யாரோ முகம் தெரியாத ஒருவர் தம் வீட்டில் கட்டைகளை அடுக்கிய பதிவு என் மேசைக்கு உதவுகிறது என்பது சின்ன விஷயமன்று.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20,000 படிகளுக்கு ஒரு ஏ100 ஜிபியுவில் சுமார் நான்கு மணி நேரம் ஆகும் என்று வழிகாட்டி நூல் சொல்வது சரியாகவே இருந்தது; மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, இரவில் ஓடவிட்டு, காலையில் கோப்பை இறக்கிக்கொண்டேன். பயிற்சி முடிந்த மாதிரி என் பழைய கேமிங் மடிக்கணினியிலேயே ஓடுகிறது. பை-ஜீரோ அளவுள்ள மாதிரியை அந்த மடிக்கணினியில் நான் முயலக்கூட இல்லை.

பயன்பாட்டில் கண்டது இது. நூல்கண்டு நான் பயிற்சியில் வைத்த ஐந்து இடங்களில் ஒன்றிலோ அதற்குப் பக்கத்திலோ இருந்தால், கை தயங்காமல் போய் எடுக்கிறது. ஐந்து இடங்களுக்கும் வெளியே, மேசையின் மூலையில் வைத்தால், அந்தப் பக்கம் திரும்பிவிட்டு, ஒரு சாண் முன்னாலேயே காற்றைப் பிடித்து, பிடித்த காற்றைப் பத்திரமாக டப்பாவில் கொண்டுபோய்ப் போடுகிறது. இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் பிழை என் பதிவில் இருந்தது. மூலையில் ஒரு கண்டைக்கூட நான் வைத்துக் காட்டியதில்லை. இன்னொரு நாள் காலை பத்து மணிக்கு அருமையாக வேலை செய்த கை, மாலை ஆறு மணிக்கு டப்பாவுக்கு வெளியே போட ஆரம்பித்தது. எவர்சில்வர் டப்பாவின் பக்கவாட்டில் டியூப் லைட்டின் வெள்ளைக் கோடு நீளமாக விழுவதையும், காலையில் அந்தக் கோடு இருந்திராததையும் மேல் கேமராவின் படத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். பதிவுகள் முழுவதும் பகல் வெளிச்சத்தில் எடுத்தவை. டப்பாவை மாற்றாமல், மாலை விளக்கில் மேலும் 20 பதிவுகள் எடுத்துச் சேர்த்துப் பயிற்றுவித்த பிறகு அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் போய்விட்டது. மேல் கேமராவைத் தாங்கும் கம்பியை வீட்டைப் பெருக்கும்போது யாராவது ஒரு விரற்கடை நகர்த்திவிட்டாலும் இதே கதைதான். இப்போது கம்பியின் அடியைச் சுற்றி மேசையில் மார்க்கரால் கோடு போட்டுவைத்திருக்கிறேன்.

இவையெல்லாவற்றையும்விட என்னைக் கூச வைத்தது வேறொன்று. கண்டுக்கு மேலே வந்ததும் கை அரை நொடி நின்று, லேசாக இடப்பக்கம் ஆடி, பிறகே இறங்குகிறது. கேமராவின் தாமதமோ, மோட்டாரின் கோளாறோ என்று தேடினேன். என் பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தபோது, நானே ஒவ்வொரு தடவையும் கண்டுக்கு மேலே வந்து நின்று, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கையை இடப்பக்கம் ஒரு நெல்மணி அளவு ஆட்டியிருப்பது தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதை நாற்பது வயதுக்கு மேல் இந்தக் கை சொல்லித்தான் அறிந்தேன்.

ஐம்பது அசைவுகளை ஒரே கட்டாக உருவாக்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நொடிக்கு 30 வீதம் போனால் ஒரு கட்டு ஓடி முடிய ஒன்றரை நொடிக்குச் சற்று அதிகமாகும். அதற்குள் உலகம் மாறினால் கைக்குத் தெரியாது. என் மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கை இறங்கத் தொடங்கும் கணம் பார்த்து நூல்கண்டைச் சுண்டிவிடுவாள். கை, நூல்கண்டு முன்பு இருந்த இடத்தைப் போய்ப் பிடித்த பிறகே, அடுத்த கட்டில் புதிய இடத்தைத் தேடும். தவிர, ஒரு கட்டு தீர்ந்து அடுத்தது உருவாகும் வரை கை அந்தரத்தில் காத்துநிற்கும். இதற்குத்தான் ஒத்திசையா இயக்கம் என்ற வசதியைத் தந்திருக்கிறார்கள்: இந்தக் கட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதிய படத்தைப் பார்த்து அடுத்த கட்டைப் பின்னணியில் தயாரித்துவிடும். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை கனசதுரக் கட்டைகளை எடுத்துவைக்க முடிகிறது என்ற அவர்களுடைய சோதனையில் இந்த வசதி இல்லாமல் 9, இருந்தால் 19. என் மேசையிலும் அந்தரத்தில் நிற்பது மறைந்தது. மகளை மட்டும் இன்னும் வெல்ல முடியவில்லை.

மொழிப் பகுதியைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டளையை ஆங்கிலத்தில் கொடுத்தே பெரும்பாலோர் பயிற்றுகிறார்கள். நான் 'சிவப்பு நூல்கண்டை எடுத்து டப்பாவில் போடு' என்று தமிழில் கொடுத்துப் பார்த்தேன். இந்த மாதிரியில் கட்டளையைச் சிறு துண்டுகளாக வெட்டித் தரும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துச் செய்யப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு முழுச் சொல்லே ஒரு துண்டாகிவிடும்போது, தமிழில் கணினிக்குள் ஒவ்வோர் எழுத்துக்குறியும் மூன்று பைட் என்பதால் ஒரு குறியே பல துண்டுகளாக உடைகிறது. இயல்பமைப்பில் கட்டளையின் உச்ச வரம்போ 48 துண்டுகள். விளைவு, நம் வாக்கியத்தின் வால் வெட்டுப்பட்டுப் போகிறது; தமிழில் வினை கடைசியில் வருவதால் வெட்டில் முதலில் போவது 'போடு'. எடுத்ததை என்ன செய்ய வேண்டும் என்ற சொல்லே மாதிரிக்குப் போய்ச் சேருவதில்லை. அமைப்புக் கோப்பில் அந்த வரம்பைக் கூட்டிக்கொள்ளலாம், கூட்டினேன். அதன் பிறகு தமிழ்க் கட்டளையோடு எடுத்த பதிவுகளில் பயிற்றுவித்தபோது, 'சிவப்பு', 'நீலம்' என்ற இரண்டையும் கை பிரித்தறிந்தது. ஆனால் இதைத் தமிழ் புரிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 'செவப்பு நூல எடு' என்று மகள் தட்டச்சு செய்து கேட்டபோது, அருகில் கிடந்த நீலத்தையே எடுத்தது. பயிற்சியில் கண்ட எழுத்துக்கோவைகள் அதற்கு இரண்டு தனித்தனிப் பொத்தான்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலத்திலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எல்லாப் பதிவுகளிலும் ஒரே கட்டளையைக் கொடுத்துவிட்டால், அதைக் கவனிக்க வேண்டிய அவசியமே மாதிரிக்கு இல்லை. காட்சியைப் பார்த்தே வேலையை ஊகித்துவிடும். என் முதல் பயிற்சியில் அப்படித்தான் நடந்தது. கட்டளையை வெற்று வரியாக அனுப்பியபோதும் கை பதவிசாகச் சிவப்புக் கண்டை எடுத்துப் போட்டது. மொழியைக் கேட்டு நடக்கும் ரோபோ என்று விருந்தினர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த நான், அன்று முதல் வாயை மூடிக்கொண்டேன். ஒரே காட்சியில் இரண்டு நிறக் கண்டுகளையும் வைத்து, கட்டளைக்கு ஏற்ப ஒரு தடவை இதையும் ஒரு தடவை அதையும் எடுத்துக் காட்டிய பதிவுகளே கட்டளையைக் கவனிக்கவைத்தன.

ஆகவே, ஒரே ஒரு வேலையை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் செய்யவைக்க வேண்டும் என்பவருக்கு ஸ்மால்விஎல்ஏ தேவையில்லை என்பது என் கருத்து. சுமார் 8 கோடி அளவுருக்களே உள்ள ஆக்ட் மாதிரியை அதே பதிவுகளில் பயிற்றுவித்தேன். எழுத்தைப் பற்றிய கவலையே இல்லாமல், சிவப்புக் கண்டை எடுத்துப் போடும் வேலையைக் கிட்டத்தட்ட அதே நேர்த்தியுடன் செய்தது. வேலைகள் இரண்டு மூன்றாகி, எதைச் செய்வது என்று சொல்லவேண்டிய நிலை வரும்போது ஸ்மால்விஎல்ஏ தன் இடத்தைப் பெறுகிறது. தொழிற்சாலையில் இதை நிறுத்தலாமா என்று கோவையில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக் மூட்டுகளில் உள்ள தளர்ச்சி, தொடர்ந்து ஓடினால் தோள்பகுதி மோட்டாரில் ஏறும் சூடு, பத்தில் இரண்டு மூன்று தவறினாலும் பொறுத்துக்கொள்ளும் மனம், இவை வீட்டு மேசைக்குரியவை. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், டிப்ளமோ மாணவர்களை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களுக்கும், ஜெனரேட்டிவ் ஏஐ என்றால் கட்டுரை எழுதும் இயந்திரம் என்று மட்டும் நினைத்திருப்பவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள், வேலைக்கையின் மோட்டாரில் ஒன்றைக் கூடுதலாக வாங்கிவைக்கவும். முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ பிளாஸ்டிக் பாகங்களை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட வேண்டாம். என் முதல் பிடியின் தாடை மதியம் இரண்டு மணிக்கு வாழைப்பழத்தோல்போல் வளைந்துகிடந்தது. பதிவு எடுக்கும் நாட்களில் தினமும் 20க்கு மேல் எடுக்க வேண்டாம். சலிப்பு வந்த பிறகு எடுத்தவற்றில் அந்தச் சலிப்பும் தெரிகிறது. அடுத்த 50 பதிவுகளை என் மனைவி எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்டுக்கு மேலே வந்து அவர் நிற்பதே இல்லை. நேராக இறங்கி எடுத்துவிடுகிறார். முதல் பத்துப் பதிவுகள் நேற்று முடிந்தன.